எதிர்வீட்டுச் செம்மறிக்கிடாவை இரண்டு வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

கரிசல்மழை
இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் எதிர்வீட்டு அத்தையும் மாமாவும் மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போகிறார்கள். தீபாவளிக்கு முன்பே கிளம்புகிறார்கள். திரும்பி வர இரண்டு வாரமாவது ஆகும்.

அவர்கள் வீட்டில் ஒரே ஒரு செம்மறி இருக்கிறது. வேம்பூர்க் கிடா. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுத் திட்டாக இருக்கும், பெயர் பொட்டு. பிறந்த சில நாளிலேயே தாய் செத்துப்போனதால் அத்தைதான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். இப்போது மூன்று வயது, காயடித்த கிடா. கறிக்கும் இல்லை, கோயிலுக்கு நேர்ந்துவிட்டதும் இல்லை. ஆசைக்கு வளர்க்கிறார்கள். அத்தை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் அதுவும் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும்.

"நீதான் பார்த்துக்கணும்" என்றார், சரி என்றுவிட்டேன். நாங்கள் கோழி வளர்த்திருக்கிறோம், ஆடு வளர்த்ததில்லை. எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டுவதா, அவர்கள் கொட்டிலிலேயே விட்டுவிட்டு நான் போய்வருவதா? எவ்வளவு தீனி போட வேண்டும்? மழைக்காலம் வேறு. எதற்குப் பயப்பட வேண்டும்? இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இருக்கிறான், அவனுக்குப் பொட்டு என்றால் உயிர். அவனையும் கூட்டிப் போகலாமா?

பட்டிக்காரன்
இரவு 9:40

தங்கச்சி, நான் விளாத்திகுளம் பக்கம். நம்ம பிழைப்பே வேம்பூர் ஆடுதான். இந்தப் பக்கம் பொட்டு ஆடு என்போம், அத்தை பெயரே வைத்துவிட்டார்.

முதல் விஷயம், கொட்டிலை மாற்றாதீர்கள். ஆள் மாறுவதே அதற்குப் பெரிய மாற்றம். இடமும் மாறினால் இரண்டு நாள் வாயே வைக்காது. நீங்கள் எதிர்வீடுதானே, போய்வருவது கஷ்டமில்லை.

இரண்டாவது, தீனி. அத்தை என்ன போடுகிறாரோ அதையே, அதே நேரத்தில், அதே அளவு போடுங்கள். அவர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூடவே இருந்து பாருங்கள். "கொஞ்சம் தவிடு" என்று வாயால் சொல்வார். அவருடைய கொஞ்சம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அவர் அள்ளும் அதே டப்பாவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு பசுந்தீனி என்பது கணக்கு. 35 கிலோ கிடா என்றால் மூன்று, மூன்றரை கிலோ தழையும் புல்லும். அதோடு கடலைக்கொடியோ உளுந்தங்கொடியோ காய்ந்த தீனி கொஞ்சம் கட்டாயம் இருக்க வேண்டும். அகத்தி, வாகை, வேப்பங்குழை எது கிடைத்தாலும் கட்டித் தொங்க விடுங்கள். தரையில் போட்டால் பாதியை மிதித்துவிட்டு மறுபடி அதை மோந்துகூடப் பார்க்காது.

மேய்க்க ஓட்டினால் பனி காய்ந்த பிறகு ஓட்டுங்கள். புல் நுனியில் ஈரம் இருக்கும்போது குடற்புழுவின் குஞ்சுகள் மேலே ஏறி நிற்கும். எங்கள் பட்டியில் மழைக்காலத்தில் ஒன்பது மணிக்கு முன்னால் படல் திறக்க மாட்டோம்.

ஓய்வு_ஆய்வாளர்
இரவு 10:25

கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டிக்காரர் சொன்னது அத்தனையும் சரி. மழைக்காலத்துக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதற்குத் தீனியைச் செரித்துக் கொடுக்கின்றன. பழகிய தீனிக்குத் தகுந்த கூட்டம் அங்கே இருக்கும். திடீரென்று சோறு, பொங்கல், மக்காச்சோளம், கம்பு மாதிரி மாவுச்சத்து நிறையப் போனால் வேறு கூட்டம் பெருகி வயிறு முழுக்கப் புளித்துவிடும். ஆடு படுத்துவிடும், பல்லைக் கடிக்கும், கழிச்சல் போகும், ஒரே நாளில் செத்தும் போகும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆசையாகக் கொண்டுவந்து கொட்டி ஆடு போன வீடுகளை நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். தீபாவளி சமயம் வேறு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாசத்தில் இட்லி, முறுக்கு, அதிரசம் நீட்டுவார்கள். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஐப்பசியில் கரிசல் காட்டில் சோளம் முளைத்து முழங்கால் உயரம் நிற்கும். அந்த இளஞ்சோளத்தில் சயனைடாக மாறும் சத்து இருக்கிறது. நாலு வாய் கடித்தாலே ஆபத்து, அதிலும் மழை தவறி வாடி மறுபடி துளிர்த்த பயிர் என்றால் இன்னும் மோசம். மரவள்ளி இலையும் அப்படித்தான். மக்காச்சோளக் காட்டு வரப்பில் யூரியா போட்டுவிட்டு வெறும் சாக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். உப்புச் சுவைக்கு ஆடு அதை நக்கும். அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி இருக்கும் வேலிப்பக்கமும் கட்டக்கூடாது.

அடுத்து, இது காயடித்த கிடா என்பதால் சொல்கிறேன். இவற்றுக்கு மூத்திரக்குழாய் குறுகல். தவிடும் தானியமும் அதிகமாகி, தண்ணீர் குறைவாகக் குடித்தால் கல் அடைத்துக்கொள்ளும். மழை, குளிர் என்றால் ஆடு தண்ணீர் குடிப்பது குறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் கல் உப்பு ஒரு சிட்டிகை போட்டு வைத்தால் குடிக்கும். தினமும் அது மூத்திரம் விடுவதை ஒரு தடவையாவது கண்ணால் பாருங்கள். கால்களை அகட்டி நின்று முக்குகிறது, வாலை ஆட்டிக்கொண்டே நிற்கிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை, வயிற்றைக் காலால் உதைக்கிறது என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குப் போட வேண்டாம். அதில் செம்புச் சத்து இருக்கும். வெள்ளாடு தாங்கும், செம்மறியின் ஈரல் தாங்காது.

கரிசல்மழை
இரவு 10:51

ஐயா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. எங்கள் தெருவின் கடைசியில் ஒரு சோளக்காடு இருக்கிறது, இப்போது முழங்கால் உயரம்தான். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த வழியாகத்தான் ஓட்டிப் போயிருப்பேன். உடம்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஆட்டு முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாதே.

ஓய்வு_ஆய்வாளர்
இரவு 11:08

அம்மா, முகத்தை விடுங்கள், இடது பக்கத்தைப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். உள்ளங்கையை மடக்கி அங்கே அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளிருந்து ஒன்று எழும்பி உங்கள் கையைத் தள்ளும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. பள்ளம் மேடாகி, தட்டினால் தம்பட்டம் மாதிரிச் சத்தம் கேட்டால் உப்புசம். பள்ளம் குழிந்து, தள்ளலே இல்லை என்றால் அது தின்னவே இல்லை.

தீனி தின்று ஒரு மணி நேரத்தில் படுத்து அசை போட வேண்டும். அசை போடும் ஆடு பெரும்பாலும் நல்ல ஆடு. புழுக்கை தனித்தனி உருண்டையாக விழ வேண்டும். கொத்தாக ஒட்டி விழுந்தால் கவனியுங்கள், இளகினால் பசுந்தீனியைக் குறைத்துக் காய்ந்த தீனி கொடுங்கள், நீராகப் போனால் மருத்துவர்.

கீழ் இமையைக் கட்டைவிரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். உட்பக்கம் சிவப்பாகவோ நல்ல ரோஜா நிறமாகவோ இருக்க வேண்டும். வெளுத்துக் காகிதம் போல் இருந்தால் வயிற்றில் புழு ரத்தத்தைக் குடிக்கிறது. தாடைக்குக் கீழே நீர்ப்பை மாதிரி தொங்கினாலும் அதே காரணம்தான் பெரும்பாலும்.

காய்ச்சல்மானி ஒன்று வாங்கி வையுங்கள். செம்மறிக்கு 102, 103 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. மனிதக் கணக்கில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 104-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

உதவிக்கு 1962 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது.

மதுரைமீனா
காலை 6:35

எல்லோரும் ஆட்டைப் பற்றியே சொல்கிறீர்கள், அந்தப் பையனைப் பற்றி நான் சொல்கிறேன். புட்டிப்பாலில் வளர்ந்த கிடாவுக்கு மனிதர்களிடம் பயமே இருக்காது. தாயிடமும் மந்தையிடமும் வளர்ந்தது ஆளைக் கண்டால் விலகும். இது விலகாது, நம்மை இன்னொரு கிடாவாகவே நினைக்கும். காயடித்ததால் வேகம் குறைவு, ஆனால் விளையாட்டுக்கு முட்டினாலே இரண்டாம் வகுப்புப் பையன் விழுந்துவிடுவான்.

பிள்ளைகள் எல்லோரும் செய்வது, ஆட்டின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி விளையாடுவது. தயவுசெய்து அதை மட்டும் செய்யவிடாதீர்கள். அதற்கு அது சண்டைக்கான அழைப்பு. தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கவாட்டில், நெஞ்சில் சொறிந்து கொடுக்கச் சொல்லுங்கள். கிடா தலையைத் தாழ்த்திப் பின்னால் நாலடி நகர்ந்தால் பையன் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. பின்பக்கமாகப் போய்த் தொடவும் வேண்டாம். செம்மறிக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது, திடுக்கிடும்.

அவனைக் கூட்டிப் போங்கள், நல்ல விஷயம்தான். ஆனால் நீங்கள் இல்லாமல் தனியாகக் கொட்டிலுக்குள் விட வேண்டாம்.

நடைபாதை
காலை 7:50

நான் ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடு வளர்த்தே பழக்கமில்லை என்கிறீர்கள். ஏதாவது ஆகி ஆடு செத்துப்போனால் காலத்துக்கும் எதிர்வீட்டு உறவு போய்விடும். "எனக்குத் தெரியாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாமே. இல்லையென்றால் ஒரு ஆளைக் கூலிக்கு வைக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக் கிடா இன்றைக்கு என்ன விலை போகும் தெரியுமா?

பட்டிக்காரன்
காலை 8:30

விலை எனக்குத் தெரியும் தம்பி, வாரச்சந்தைக்குப் போகிறவன். அந்த அம்மா விற்கவா வளர்க்கிறார்? கூலி ஆள் காலையில் தழையைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். அது தின்றதா, அசை போட்டதா, மூத்திரம் விட்டதா என்று நின்று பார்க்கிறவர்தான் வேண்டும். இங்கே வந்து இவ்வளவு கேட்கிறாரே, ஆடு இவர் கையில் நன்றாக இருக்கும்.

ஆனால் உறவு பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, கிளம்புவதற்கு முன் பேசிவிடுவது. எங்கள் பக்கம் ஒருத்தர் பட்டியை இன்னொருத்தர் பார்த்துக்கொள்வது சாதாரணம். சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று யாருக்குத்தான் வராது? எண்ணி ஒப்படைப்போம். நோவு வந்தால் என்ன செய்வது, செத்தால் தோலையோ காதையோ எடுத்து வைத்துக் காட்டுவது வரைக்கும் பேசிக்கொள்வோம். பேசிய பிறகு மனவருத்தம் வராது.

கரிசல்மழை
காலை 9:05

நடைபாதை சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஆனால் அத்தை என் மகன் பிறந்தபோது எங்கள் வீட்டில் வந்து எத்தனையோ ராத்திரி கண் விழித்தவர். இன்றைக்கு அவர் மகளுக்குப் பிரசவம். பொட்டுவை நினைத்து அங்கே கவலைப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. எனவே பார்த்துக்கொள்வது முடிவு. எப்படி என்பதில் மட்டும் உதவுங்கள்.

இன்னொரு சந்தேகம். அத்தை போனால் அது தனியாகிவிடுமே. கத்திக்கொண்டே இருந்தால்?

பட்டிக்காரன்
காலை 9:22

கத்தும். முதல் இரண்டு நாள் நிச்சயம் கத்தும். செம்மறி தனியாக இருக்கப் பிறந்ததில்லை, அதற்கு அந்த அத்தைதான் மந்தை. என்னைக் கேட்டால் என் பட்டியில் கொண்டுவந்து விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். நாற்பது ஆட்டோடு நாற்பத்தொன்று. மேய்ந்துவிட்டு நிம்மதியாக இருக்கும்.

ஓய்வு_ஆய்வாளர்
காலை 9:48

பட்டிக்காரரின் மனசு பெரிது. ஆனால் இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பிறந்ததிலிருந்து தனியாக வளர்ந்த ஆட்டுக்கு மந்தையின் நோய்கள் எதுவும் பழக்கமில்லை. மந்தைக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட இதைப் படுக்க வைத்துவிடும். அதோடு மந்தையில் இருக்கும் கிடாக்கள் புது ஆளை முட்டித்தான் வரவேற்கும். இதற்குக் கொம்பு இருந்தும் சண்டை பழகியிருக்காது.

இப்போது நீலநாக்கு நோய்க்கான பருவமும்கூட. வடகிழக்குப் பருவமழையில் கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி பெருகும், அது கடித்துத்தான் இந்த நோய் பரவுகிறது. உதடு, முகம் வீங்கும், எச்சில் ஒழுகும், நாக்கு சில ஆடுகளுக்கு நீலமாகும், குளம்புக்கு மேல் சிவந்து நொண்டும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில்தான் அந்தப் பூச்சி அதிகம். பொட்டுவை அதன் கொட்டிலிலேயே வைத்து, மாலையில் நொச்சி, வேப்பிலை போட்டு மூட்டம் போடுங்கள். மூட்டத்தை வாசலுக்கு வெளியே வையுங்கள், உள்ளே புகை அடைக்கக்கூடாது.

பட்டிக்காரன்
காலை 10:03

நோய் விஷயத்தில் ஐயா சொன்னால் சரிதான், நான் வாதாடவில்லை. ஆனால் தனிமையும் ஒரு நோவுதான் ஐயா. தின்னாமல் நின்றே இளைத்துப்போன குட்டியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

வடகடல்
பகல் 12:40

நான் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் இருக்கிறேன். இங்கே ஊர் முழுக்கச் செம்மறிதான். ஆசைக்கு இரண்டு மூன்று வளர்ப்பவர்களும் நிறைய. அவர்கள் விடுமுறைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நானும் சில தடவை பார்த்திருக்கிறேன்.

இடம் மாற்றுவது பற்றி ஒன்று. இங்கே ஒரே ஒரு செம்மறி வைத்திருந்தாலும், அது செல்லப்பிராணியே ஆனாலும், அது நிற்கும் நிலத்துக்கு அரசுப் பதிவு எண் வேண்டும். வேறு நிலத்துக்குக் கொண்டுபோனால் பதிவு செய்ய வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து பொதுவாக ஆறு நாளைக்கு எந்த ஆட்டையும் வெளியே நகர்த்த முடியாது. அதனால் ஆட்டை யாரும் தூக்கிப் போவதில்லை, பார்த்துக்கொள்கிறவர்தான் போவார். வீட்டுச் சமையலறையில் மிஞ்சியதைப் போடுவதும் சட்டப்படி தடை. 2001-இல் கோமாரி பரவி 60 லட்சத்துக்கும் மேலான கால்நடைகளை அழிக்க வேண்டி வந்தது. ஒழுங்காகச் சூடாக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளிடமிருந்து ஆரம்பித்தது அது. அந்த வருடத்தை இங்கே பண்ணைக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

தனிமை பற்றிப் பட்டிக்காரர் அண்ணன் கேட்டதற்கு: செம்மறி முகங்களை நன்றாக நினைவில் வைத்திருக்கும். கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. அதில் ஐம்பது செம்மறி முகங்களை அவை இரண்டு வருடம் வரை மறக்கவில்லை. 2017-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒபாமா உள்பட நாலு பிரபலங்களின் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள், சரியாகத் தேர்ந்தெடுத்தன. தங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் படத்தைப் பழக்காமலே கண்டுபிடித்தன. தனியாக அடைத்த செம்மறிக்கு இன்னொரு செம்மறியின் முகப்படத்தைக் காட்டியதும் கத்தலும் இதயத் துடிப்பும் குறைந்ததாக இன்னொரு ஆய்வு உண்டு.

ஆகவே கரிசல்மழை, உங்கள் முகம் அதற்குப் பழக வேண்டும். அத்தை கிளம்பும் நாளில் போய் நிற்காதீர்கள். இன்றிலிருந்தே காலை மாலை தீனியை அத்தை பக்கத்தில் இருக்க, நீங்கள் கையால் கொடுங்கள்.

பட்டிக்காரன்
பகல் 1:15

இது சரியான பேச்சு. நாற்பது ஆட்டிலும் எது எந்தக் குட்டி என்று எனக்குத் தெரிகிற மாதிரி, அவற்றுக்கும் என் வீட்டில் யார் யார் என்று தெரியும். என் தம்பி போய்ப் படல் திறந்தால் முதல் இரண்டு நாள் வெளியே வராது. தங்கச்சி, அத்தை கட்டிப் பழகிய பழைய சேலை ஒன்றை வாங்கிக் கொட்டில் கம்பில் போட்டு வையுங்கள், வாய்க்கு எட்டாத உயரத்தில். எங்கள் அம்மா ஊருக்குப் போனால் பால்குட்டிகளுக்கு அப்படித்தான் செய்வோம்.

மதுரைமீனா
பகல் 2:02

அத்தையைக் கைப்பேசியில் கூப்பிட்டுக் குரலைக் கேட்க வைக்கலாமா? என் தங்கை நாய்க்கு அப்படிச் செய்வாள்.

ஓய்வு_ஆய்வாளர்
பகல் 2:30

செய்து பார்க்கலாம். ஆனால் குரல் கேட்டதும் அமைதியாகிறதா, குரல் வந்த திசையெல்லாம் தேடிக் கத்துகிறதா என்று பாருங்கள். தேடினால் மறுபடி செய்ய வேண்டாம், அதைப் பாடுபடுத்துவதாகிவிடும். அத்தைக்குக் காணொளி எடுத்து அனுப்புங்கள், அவருக்கு அது நிம்மதி.

சாயங்காலம் அசை போடும் நேரத்தில் அரைமணி நேரம் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்காருங்கள். நீங்கள் வேலை பார்த்துக்கொண்டே உட்காரலாம், அதைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. எந்த மருந்தையும்விட இது முக்கியம் என்று சொல்வேன், நோயும் அந்த அரைமணியில்தான் கண்ணில் படும்.

கொங்குத்தென்றல்
மாலை 4:18

காங்கயத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே மேச்சேரி ஆடுகள், கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில் மேயும். இரண்டு விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

ஒன்று, நாய். எங்கள் பக்கம், வெள்ளகோவில், சென்னிமலை வரைக்கும் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப்போட்டு, விவசாயிகள் இழப்பீடு கேட்டுச் சாலைக்கு வந்து போராடும் அளவுக்குப் போனது. கடிக்கக்கூட வேண்டாம், துரத்தினாலே போதும், மிரண்டு ஓடிக் கம்பியில் மாட்டிச் சாகும். முளையில் கட்டிய ஆட்டுக்கு ஓடவும் வழியில்லை. எனவே பகலில் முளையடித்துக் கட்டினால் கண்ணுக்கு எட்டும் இடத்தில் கட்டுங்கள். கழுத்தில் அகலமான பட்டை, அதில் கயிறு. சுருக்கு முடிச்சு போடவே கூடாது. கயிறு சுற்றும் வட்டத்துக்குள் மரம், கிணறு, பள்ளம் எதுவும் இருக்கக்கூடாது.

இரண்டு, திருட்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் கறி விலை ஏறும். இரண்டு பேர் பைக்கில் வந்து நடுவில் ஆட்டை வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பழகின கிடா என்றால் சத்தம்கூடப் போடாமல் போகும். வீட்டில் ஆள் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். இரவில் கொட்டிலுக்குப் பூட்டு, வாசலில் விளக்கு. பொட்டுவின் இரண்டு பக்கத்தையும் முகத்தையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். வேம்பூர் ஆட்டில் ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு வராது, அடையாளம் சொல்ல அது போதும்.

கரிசல்மழை
மாலை 5:30

பூட்டு இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். தெருவில் பட்டாசு விடியும் வரை வெடிப்பார்கள். அந்த இரவு என்ன செய்வது? மகன் "நான் வெடிக்கவே மாட்டேன்" என்கிறான், ஆனால் தெரு முழுக்க நிறுத்த முடியாதே.

கொங்குத்தென்றல்
மாலை 5:52

அன்றைக்குச் சாயங்காலமே கொட்டிலிலிருந்து வீட்டுக்குள் ரேழிக்கோ உள்ளறைக்கோ கொண்டுபோய்விடுங்கள். அத்தையிடம் சாவி வாங்கி, இடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்ட வேண்டாம். மிரளும் ஆடு கயிற்றில் சுற்றிக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். தரையில் சாக்கு விரியுங்கள், வழுக்காது. சன்னலைச் சாத்தி, கடலைக்கொடியைத் தாராளமாகப் போடுங்கள். வாய் வேலை செய்துகொண்டிருந்தால் பயம் கொஞ்சம் அடங்கும்.

ஓய்வு_ஆய்வாளர்
மாலை 6:20

மறுநாள் காலையையும் கவனியுங்கள். வாசல் முழுக்க வெடித்த பட்டாசுத் தாளும் கம்பி மத்தாப்புக் குச்சியும் கிடக்கும். ஆடு தாளைத் தின்னும். அந்த மருந்தில் பேரியம் உப்புகள் இருக்கலாம், நஞ்சு. கூட்டி அள்ளிய பிறகுதான் வெளியே விட வேண்டும். மழை பெய்திருந்தால் தேங்கிய தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள்.

மழையில் கரிசல் மண் குளம்பு நடுவில் அப்பிக் கல் மாதிரி இறுகிவிடும். உள்ளே கொண்டுவரும்போது நாலு காலையும் தூக்கி, கழுவி, துணியால் துடையுங்கள். கொட்டில் தரையைக் கூட்டி லேசாகச் சுண்ணாம்புத்தூள் தூவி, மேலே காய்ந்த சோளத்தட்டையைப் பரப்பினால் ஈரம் தங்காது.

உப்புசம் என்றால் ஊர்தி வரும் வரைக்கும் கடலை எண்ணெய் 50 மில்லி புகட்டலாம். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். முதுகு மட்டத்துக்கு மூக்கு இருந்தால் போதும். கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கியதும் அடுத்தது. முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள்.

நடைபாதை
இரவு 8:15

காலையில் நான் கேட்டது கடுமையாகப் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பேர் துணைக்கு இருக்கும்போது பயம் வேண்டாம் என்று தோன்றுகிறது. ஒன்று மட்டும் மறக்காமல் கேளுங்கள். மருத்துவர் ஊசி போட வேண்டும், அறுவை செய்ய வேண்டும் என்றால் அத்தையைத் தொடர்பு கொள்ள முடியாதபோது யார் முடிவு எடுப்பது? பிரசவ ஆஸ்பத்திரியில் இருப்பவர் போனை எடுக்காமல் போகலாம்.

கரிசல்மழை
மறுநாள் இரவு 8:40

இன்றைக்குப் பகல் முழுக்க அத்தை கூட இருந்தேன். நீங்கள் எல்லோரும் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தீனி: காலையில் கொடிக்கட்டு ஒன்று, பத்து மணிக்குமேல் வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல், மத்தியானம் அகத்தி, சாயங்காலம் தவிடு. அந்தத் தவிடு டப்பா முழுக்க இல்லை, கால் டப்பாதான். நான் அரை டப்பா என்று நினைத்திருந்தேன். பட்டிக்காரர் அண்ணன் சொன்னபடி கண்ணால் பார்த்தது நல்லதாய்ப் போனது.

மருத்துவ முடிவு: "கேட்கணும்னு காத்திருக்காதே, டாக்டர் சொல்றதைச் செய், செலவு நான் தாரேன்" என்று அத்தை சொன்னார். மாமா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதையும் மீறி ஏதாவது ஆனால் தென்னைமரத்து ஓரம் புதைக்கச் சொன்னார், யாருக்கும் கொடுத்துவிடக் கூடாதாம். சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. நடைபாதை, இதைக் கேட்க வைத்ததற்கு நன்றி.

தடுப்பூசி: ஆட்டுக்கொல்லி நோய்க்குப் போன வருடம் போட்டிருக்கிறார்கள். துள்ளுமாரி நோய்க்கு இந்த வருடம் சித்திரையில். நீலநாக்குக்குப் போட்டதாக நினைவில்லை என்கிறார்கள். குடற்புழு மருந்து கடைசியாக ஆடி மாதம் கொடுத்தது.

என் கையிலிருந்து அகத்தி வாங்கித் தின்றது. மகன் தாடையில் சொறிந்து கொடுத்தான்.

ஓய்வு_ஆய்வாளர்
இரவு 9:10

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி மூன்று வருடம் தாங்கும், கவலையில்லை. துள்ளுமாரி சித்திரையில் போட்டது இந்த மழைக்கும் காக்கும். நீலநாக்குக்கு இப்போது ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி வர நாளாகும். மூட்டமும், இருட்டும் முன் உள்ளே அடைப்பதும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

ஆடியில் கொடுத்த குடற்புழு மருந்துக்குப் பிறகு மழை பிடித்துவிட்டது. நாளைக்கே இமையைப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில், அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வெளுத்திருந்தால் அவர்கள் ஊரில் இருக்கும்போதே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் எடை போட்டு மருந்து கொடுத்துவிடலாம். புழுக்கை கொஞ்சம் கொண்டுபோனால் பரிசோதித்தும் சொல்வார்கள். எடைக்குத் தகுந்த அளவுதான் மருந்து, ஆகவே கடையில் வாங்கி உத்தேசமாகப் புகட்ட வேண்டாம்.

பட்டிக்காரன்
இரவு 9:26

மருந்தகத்துக்கு ஆட்டோவில் ஏற்றுவதானால் வெறும் வயிற்றில் ஏற்றாதீர்கள், முந்தின வேளைத் தீனியில் பாதி தின்றிருக்கட்டும். அத்தையே ஏற்றட்டும், நீங்கள் உள்ளே முன்னால் உட்கார்ந்து கூப்பிடுங்கள். புழுக்கையை அன்றைக்குக் காலையில் விழுந்ததாகப் பார்த்து எடுங்கள், பழசு உதவாது. என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், நான் ராத்திரி பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.